வருடத்துக்கு 980 லிட்டர்: என் வண்டிக் கணக்கைக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கிறேன்

பவானிக்கரை (ஈரோடு):

வணக்கம். ஈரோட்டிலிருந்து பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டைக்குத் தினமும் காரில் வேலைக்குப் போய் வருகிறேன். போக வர 38 கிலோமீட்டர். அப்பா மொபெட் ஓட்டிய காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். பெட்ரோல் போட்டால் தேதி, லிட்டர், மீட்டரில் ஓடிய கிலோமீட்டர் மூன்றையும் நோட்டில் எழுதிவிட வேண்டும். அவருக்கு அது காசுக் கணக்கு. நானும் எழுதிக்கொண்டே வந்தேன், ஆனால் கூட்டிப் பார்த்ததில்லை. போன வாரம் கூட்டினேன். ஒரு வருடத்தில் கார் குடித்தது 870 லிட்டர். மனைவி ஓட்டும் ஸ்கூட்டர் 110 லிட்டர். மொத்தம் 980.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும் என்று படித்திருக்கிறேன். அப்படிப் பார்த்தால் 2,254 கிலோ. இரண்டேகால் டன். நம் நாட்டில் மின்சாரம், தொழிற்சாலை, சிமென்ட், போக்குவரத்து எல்லாவற்றையும் கூட்டித் தலைக்கு வகுத்தாலே வருடத்துக்குச் சுமார் 2 டன்தான் வருகிறது. நாங்கள் நாலு பேர் இருக்கிற வீடுதான், சரி. ஆனாலும் வெறும் வண்டிக்கு மட்டும் இவ்வளவா என்று மனது கிடந்து அடித்துக்கொள்கிறது.

எட்டாவது படிக்கும் மகளிடம் இதைச் சொன்னேன். "ஒரு லிட்டர் பெட்ரோலே முக்கால் கிலோதானேப்பா, அதிலிருந்து 2.3 கிலோ எப்படி வரும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆக, இரண்டு கேள்விகள். மகள் கேட்டது ஒன்று. இந்த 980ஐ எப்படிக் குறைப்பது என்பது இன்னொன்று. புது மின்சாரக் கார் வாங்கச் சொல்லாதீர்கள். இருக்கிற காருக்கே இன்னும் மூன்று வருடம் தவணை பாக்கி.

வேதியியல் ஆசிரியர் (தஞ்சாவூர்):

உங்கள் மகளுக்கு முதலில் என் பாராட்டைச் சொல்லிவிடுங்கள். கல்லூரி மாணவர்களே கேட்காத கேள்வி.

மீதி எடை காற்றிலிருந்து வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 750 கிராம். அதில் ஏறக்குறைய 640 கிராம் கார்பன், மீதி ஹைட்ரஜன். எரியும்போது ஒவ்வொரு 12 கிராம் கார்பனும் 32 கிராம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. 640ஐ 44ஆல் பெருக்கி 12ஆல் வகுக்கச் சொல்லுங்கள். சுமார் 2,347 கிராம் வரும். ஆக்சிஜன் டேங்கில் இல்லை, வழியெல்லாம் எஞ்சின் உறிஞ்சும் காற்றில் இருக்கிறது. டீசல் அடர்த்தி கூடியது, லிட்டருக்குச் சுமார் 840 கிராம். அதனால் அது எரிந்தால் 2.7 கிலோவை ஒட்டி வரும்.

இன்னொன்றும் சொல்லுங்கள். அடுப்புக்கரியை எடை போட்டுக் கையில் வைத்துப் பார்க்கலாம். கார்பன் டை ஆக்சைடைப் பார்க்க முடியாது. நிறமில்லை, மணமில்லை. அதனால்தான் நம் வீட்டு வாசலில் இருந்து வருடம் இரண்டு டன் வெளியே போவது யார் கண்ணிலும் படுவதில்லை. ஹவாய் தீவில் மௌனா லோவா மலைமேல் 1958இல் அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் 315 இது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

நேர்வழி (சென்னை):

எனக்கு ஒரு சந்தேகம். என் கார் பி.எஸ். 6, அதாவது புதிய புகை விதிப்படி செய்தது. போன மாதம்தான் புகைப் பரிசோதனை செய்து சான்றிதழ் வாங்கினேன். எல்லா எண்ணும் வரம்புக்கு மிகவும் கீழே. சைலன்சரில் வெள்ளைத் துணியைப் பிடித்தால்கூடக் கறை படியாது. அப்படியிருக்க என் வண்டி மாசு செய்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

பீளமேடு மெக்கானிக் (கோவை):

சார், 22 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒரு தடவையாவது வரும்.

புகைப் பரிசோதனையில் பெட்ரோல் வண்டிக்குப் பார்ப்பது கார்பன் மோனாக்சைடும், எரியாமல் வரும் ஹைட்ரோகார்பனும். டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தி. கார்பன் டை ஆக்சைடு இவ்வளவுக்கு மேல் போனால் சான்று கிடையாது என்று அங்கே விதி எதுவும் இல்லை. சொல்லப்போனால் எஞ்சின் எவ்வளவு நன்றாக எரிக்கிறதோ அவ்வளவு கார்பனும் கார்பன் டை ஆக்சைடாகத்தான் வெளியே வரும். உங்கள் காரில் இருக்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டர் செய்யும் வேலைகளில் ஒன்றே, கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக மாற்றுவது.

பி.எஸ். 6ஐக் குறைத்துச் சொல்லவில்லை. அது வந்தது மிகப் பெரிய நல்ல காரியம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க ஒரே நாளில் வந்தது. பி.எஸ். 5 என்ற படியையே தாண்டிக் குதித்தார்கள். எரிபொருளில் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைத்தார்கள். டீசல் காரில் தூசியைப் பிடிக்கும் வடிகட்டி வந்தது. அதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க டீசல் வண்டி வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். இப்போது அது இல்லை. சிக்னலில் நிற்கிற பிள்ளைகளின் நெஞ்சுக்கு அதனால் கிடைத்தது சாதாரண நன்மை இல்லை.

ஆனால் அது நுரையீரல் கணக்கு. பூமி சூடாவது வேறு கணக்கு. அந்தக் கணக்குக்கு மீட்டர் ஒன்றுதான், நீங்கள் போட்ட லிட்டர்.

கார் கம்பெனிகளுக்குத் தனியாக ஒரு விதி உண்டு. அவர்கள் விற்கும் கார்கள் எல்லாவற்றுக்கும் சராசரி பார்த்தால், கிலோமீட்டருக்கு இத்தனை கிராமுக்குள் இருக்க வேண்டும். முதலில் 130, பிறகு 2022-23 முதல் 113. ஈரோட்டு அண்ணா கார் லிட்டருக்கு 15 தருகிறது என்று வைத்தால் 2,300ஐ 15ஆல் வகுங்கள், 153 கிராம். 113 வேண்டுமானால் லிட்டருக்கு 20 ஓட வேண்டும். சோதனைக்கூடத்தில் ஓடும், நம் ரோட்டில் ஓடாது. இதுவே சராசரிதானே, பெரிய பெரிய வண்டி வாங்குகிறவர்களுக்காகச் சின்ன வண்டி வாங்குகிறவர்கள் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

குறைப்பதற்கு என் பட்டறை அனுபவத்தில் சொல்கிறேன். டயர் காற்று முதல். 33 இருக்க வேண்டிய இடத்தில் 24, 25 என்றுதான் பாதி வண்டி வருகிறது. ஸ்கூட்டரை நடு ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுப் பாருங்கள். நாலு சுற்று சுற்றாமல் நின்றால் பிரேக் உரசுகிறது, பெட்ரோலைச் சூடாக்கி வீணாக்குகிறீர்கள். கிளட்ச் மேல் காலை வைத்தபடி ஓட்டாதீர்கள். பைபாஸில் 110 போகிறவர் 80க்கு இறங்கினால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும். பள்ளிக்கூட வாசலில் ஏசி போட்டுக்கொண்டு நிற்கிற கார் மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டிக் குடிக்கும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் 980இல் ஒரு 80, 100 குறையும். அதற்கு மேல் என்னால் குறைத்துத் தர முடியாது அண்ணா. மீதி ஸ்பேனரில் இல்லை.

பவானிக்கரை (ஈரோடு):

இன்று காலை காற்று பார்த்தேன். பின்பக்கம் இரண்டிலும் 25. மெக்கானிக் அண்ணாவுக்கு நன்றி. "மீதி ஸ்பேனரில் இல்லை" என்றதையும் நோட்டில் எழுதி வைத்துவிட்டேன்.

தென்மேற்கு (மதுரை):

இந்தப் பேச்சு எல்லாம் நல்லதுதான். ஆனால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு ஆளுக்கு வருடம் 14 டன். நமக்கு 2. தொழிற்புரட்சியிலிருந்து இன்றுவரை காற்றில் சேர்ந்ததில் அவர்கள் பங்கு கிட்டத்தட்ட நாலில் ஒன்று, நம் பங்கு நூற்றுக்கு மூன்று, நாலு. இப்போதுதான் நம் ஊரில் ஒரு குடும்பம் முதல் கார் வாங்குகிறது. மழையில் நனையாமல் பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறது. அவரைப் போய் லிட்டர் கணக்குப் பார்த்துக் குற்றவுணர்ச்சி கொள்ளச் சொல்வது நியாயமா?

வேதியியல் ஆசிரியர் (தஞ்சாவூர்):

நீங்கள் சொன்ன எண்கள் சரி. கோபமும் சரி. சர்வதேசப் பேச்சுவார்த்தையில் நம் நாடு இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஆனால் வெயில் யார் பங்கு எவ்வளவு என்று பார்த்து அடிப்பதில்லை. 2024 ஏப்ரலிலும் மேயிலும் ஈரோட்டில் 42 டிகிரிக்கு மேல் போன நாட்களை இந்த இழையைத் தொடங்கியவர் மறந்திருக்க மாட்டார். கட்டட வேலைக்காரர்களும், நூறு நாள் வேலைக்குப் போன பாட்டிகளும் அதை உடம்பில் வாங்கினார்கள். இன்று வெளியே போகும் கார்பனில் ஒரு பகுதி பல நூறு வருடங்களுக்குக் காற்றிலேயே இருக்கும். வரவு எழுதினால் பற்று வராத கணக்குப் புத்தகம் அது. அடுத்தவன் நிறைய எழுதிவிட்டான் என்பதற்காக நாமும் எழுதினால் புத்தகம் சீக்கிரம் நிரம்பும், அவ்வளவுதான்.

குற்றவுணர்ச்சி யாருக்கும் வேண்டாம். கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

சங்ககிரி லாரி (சேலம் மாவட்டம்):

லாரி பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். சொந்தமாக இரண்டு 12 சக்கர வண்டி. ஒன்றை நானே ஓட்டினேன், இப்போது முதுகு வலியால் விட்டுவிட்டேன்.

ரோட்டில் லாரி போனால் எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். ஆவரேஜ் சொன்னால் இன்னும் பயப்படுவார்கள். லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர்தான். சேலத்தில் 20 டன் ஏற்றி மும்பைக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர். 300 லிட்டர் டீசல். ஆசிரியர் சொன்ன 2.7ஆல் பெருக்கினால் 810 கிலோ. ஒரே நடையில். ஆனால் 20 டன்னுக்கும் 1,200 கிலோமீட்டருக்கும் வகுத்துப் பாருங்கள். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக 34 கிராம்கூட இல்லை. ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து போகிற காருக்கு 153 கிராம் என்று மெக்கானிக் தம்பி கணக்குப் போட்டார். எழுபது கிலோ ஆளுக்கு 153.

எங்கள் தொழிலில் உண்மையான வீண் எது தெரியுமா? எம்ட்டியாகத் திரும்புவது. ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் இரண்டு நாள் காத்திருந்து, கடைசியில் காலியாகவே திரும்பினால் 220 லிட்டர் டீசல் ஒன்றுமில்லாததைச் சுமந்து வருவதற்காக எரிந்துபோகும். கிட்டத்தட்ட 600 கிலோ கார்பன் டை ஆக்சைடு. யாருக்கும் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. இப்போது போனிலேயே லோடு பார்க்கும் வசதி வந்த பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்து மாநில எல்லை வரி செக்போஸ்ட் போனதும், 2021இல் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் டீசலை மிச்சம் பிடித்தது. முன்பெல்லாம் எல்லையில் ஒரு கிலோமீட்டர் வரிசை, எஞ்சினை நிறுத்தவும் முடியாது, நகரவும் முடியாது.

இந்த ஆட்ப்ளூ பற்றியும் ஒரு வார்த்தை. பி.எஸ். 6 லாரியில் யூரியாத் தண்ணீர் ஊற்றுகிறோமே, அது நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க. அதனால் கார்பன் குறைகிறது என்று எங்கள் ஆட்களே சிலர் நினைக்கிறார்கள். இல்லை.

நெடுந்தூரச் சரக்கு ரயிலில் போவதுதான் பூமிக்கு நல்லது என்பதை லாரிக்காரனான நானே ஒப்புக்கொள்கிறேன். அகல ரயில் பாதை ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டது. ஆனால் ஜவ்வரிசி மில்லுக்கும் விசைத்தறிக் குடோனுக்கும் வாசலில் வந்து நிற்கிற ரயில் இல்லையே. ஸ்டேஷன் வரை நாங்கள், அப்புறம் ரயில் என்று ஏற்பாடு வந்தால் எனக்குச் சம்மதம். வாரத்தில் நாலு ராத்திரியாவது டிரைவர்கள் வீட்டில் தூங்குவார்கள்.

முட்டைக்கோழி (நாமக்கல்):

முதல் பதிவில் ஒரு திருத்தம். இப்போது பெட்ரோல் பங்கில் பொதுவாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனால் எரிந்தால் 1.5 கிலோதான் வரும். கலந்து கணக்குப் போட்டால் லிட்டருக்கு 2.14 கிலோ. எத்தனாலின் கார்பனைப் பயிர் காற்றிலிருந்து எடுத்ததுதானே என்று கழித்துவிட்டால் 1.84.

அப்படிக் கழிக்கலாமா என்பதில்தான் எனக்குச் சண்டை. நான் 30,000 முட்டைக்கோழி வைத்திருக்கிறேன். தீவனத்தில் ஏறக்குறையப் பாதி மக்காச்சோளம். எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தை வாங்கத் தொடங்கியதிலிருந்து எங்களுக்கு விலை எட்டாக்கனி. ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024இல் இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. வயலுக்குப் போட்ட யூரியாவே இயற்கை எரிவாயுவிலிருந்து செய்தது. அந்த யூரியாவிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு, எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப் போல 270 மடங்கு சூடாக்கும். கரும்பு என்றால் பத்து, பன்னிரண்டு மாதம் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். மோட்டார் ஓட வேண்டும். ஆலையில் கொதிகலன் எரிய வேண்டும். இதையெல்லாம் எழுதாமல் பச்சை எரிபொருள் என்று பெயர் வைத்தால் கணக்கு எப்படி நேராகும்?

ஆவரேஜும் குறைகிறது. எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய வகைக் கார்களில் 6, 7 சதவீதம் குறையும் என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கையிலேயே இருக்கிறது.

வேதியியல் ஆசிரியர் (தஞ்சாவூர்):

திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். நேரடிக் கணக்கில் 2.14 சரி. ஆனால் கச்சா எண்ணெயைத் தோண்டி, கப்பலில் கொண்டுவந்து, சுத்திகரித்து, டேங்கரில் பங்குக்குச் சேர்ப்பதற்கும் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் கார்பன் செலவாகிறது. அதையும் சேர்த்தால் மறுபடி 2.3ஐத் தாண்டும். வீட்டு நோட்டுக்கு 2.3 என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஏமாற்றுக் கணக்கு ஆகாது.

உணவுத் தானியத்திலிருந்து அல்லாமல், வைக்கோல், சக்கைபோல வீணாகப் போவதிலிருந்து எத்தனால் எடுத்தால் நான் ஆதரிப்பேன். மக்காச்சோளத்தில் உங்கள் பக்கம்.

முப்பந்தல் காற்று (நாகர்கோவில்):

மின்சார ஸ்கூட்டர் வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. 21,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை சுற்றுவதைப் பார்க்கலாம். ஆனி, ஆடியில் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே என் வண்டி சார்ஜ் ஏறும். மாநிலத்தில் காற்றாலை மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவியிருக்கிறோம். பெட்ரோல் பங்குக்குள் நுழைந்தே பல மாதம் ஆகிறது.

கருவேலம் (தூத்துக்குடி):

காற்றாலை சுற்றுவது உங்கள் ஊரில். என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அனல் மின்நிலையத்துப் புகைபோக்கி தெரியும். நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. உங்கள் சைலன்சரைக் கழற்றி எங்கள் ஊரில் மாட்டிவிட்டு, நான் சுத்தம் என்றால் நாங்கள் என்ன செய்வது? கோபத்தில் கேட்கவில்லை. காயப்போட்ட துணியில் சாம்பல் படியும்போது இந்த நினைப்பு வருகிறது.

முப்பந்தல் காற்று (நாகர்கோவில்):

நியாயமான கேள்வி. உங்கள் ஊர்க்காரர் சுமக்கும் பாரத்தை நான் மறைக்கக் கூடாது. ஆகவே, முழுக்க நாட்டின் சராசரி மின்சாரத்தில்தான் என் வண்டி ஓடுகிறது என்றே கணக்குப் போடுகிறேன். காற்றாலையை மறந்துவிடுவோம்.

நூறு கிலோமீட்டருக்கு, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து மூன்றரை யூனிட். ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. இரண்டரைக் கிலோ. லிட்டருக்கு 45 தரும் பெட்ரோல் ஸ்கூட்டர் என்றால் நூறு கிலோமீட்டருக்கு 2.2 லிட்டர், 5 கிலோ. நிலக்கரியோடேயே பாதி.

பேட்டரி செய்யும்போது வெளியேறுவதையும் விடக் கூடாது. ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 60 முதல் 100 கிலோ என்கிறார்கள். என்னுடையது 3 யூனிட் பேட்டரி, 300 கிலோ என்றே வைப்போம். நூறு கிலோமீட்டருக்கு இரண்டரைக் கிலோ மிச்சம் என்றால் 12,000 கிலோமீட்டரில் அந்தக் கடன் அடையும். நான் 21,000 ஓடிவிட்டேன். வருடம் 2,000 கிலோமீட்டர்கூட ஓடாதவர் நல்ல நிலையில் இருக்கும் பழைய வண்டியை விற்று இதை வாங்குவதில் பெரிய அர்த்தம் இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இனி சூரிய மின்சாரம் நிறைய இருக்கும் பகல் நேரத்தில்தான் சார்ஜ் போடுவது என்று வைத்துக்கொள்கிறேன். வேலை செய்யும் இடத்தில் பிளக் கேட்டிருக்கிறேன். ராத்திரியில் போட்டால் அது பெரும்பாலும் உங்கள் ஊர்ப் புகைபோக்கிதான்.

நல்லூரான் (யாழ்ப்பாணம்):

பல நாட்களாக இந்த இழையை வாசித்துக்கொண்டிருக்கிறேன். எரிபொருளைக் குறைப்பது பற்றிக் கதைக்கிறீர்கள். எங்களுக்கு வாழ்க்கையில் இரண்டு தடவை அது குறைக்கப்பட்டது. அதைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன்.

முதல் தடவை, 90களின் போர்க்காலப் பொருளாதாரத் தடை. பெட்ரோல் யாழ்ப்பாணத்துக்கு வருவதே இல்லை. ஒரு சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெட்ரோலில் சில துளியைக் கார்புரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு போகும். தெருவெல்லாம் அடுப்படி மணம். மற்றபடி எல்லாமே சைக்கிள்தான். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது சைக்கிளில். விறகு மூட்டை, நெல் மூட்டை, மணப்பெண், எல்லாம் சைக்கிளில். பேட்டரி இல்லாததால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி ரேடியோவில் செய்தி கேட்டோம்.

இரண்டாம் தடவை 2022. அந்த வருடம் ஜூன் மாதத்தில் பெட்ரோல் லிட்டர் இலங்கைக் காசில் 470 ரூபாய் ஆனது. காசு இருந்தாலும் கிடைக்காது. மூன்று நாள் வரிசையில் நின்று, ஒருவர் மாறி ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறோம். பிறகு கியூ.ஆர். அட்டை வந்தது. ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு, அதாவது வாரத்துக்கு, 4 லிட்டர். ஆட்டோவுக்கு 5. காருக்கு 20. கொட்டிலுக்குள் கிடந்த சைக்கிள்களை எல்லாரும் வெளியே இழுத்தோம். சைக்கிள் விலை பல மடங்கு ஏறியது.

அப்போது யாழ்ப்பாணத்துக் காற்று மிகவும் சுத்தமாக இருந்திருக்கும். ஆனால் பிரசவத்துக்கு நேரத்துக்குப் போக முடியாமல் தவித்த குடும்பங்களை எனக்குத் தெரியும். மீன்பிடிப் படகுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் ஒரு மாதம் கடலுக்குப் போகாத வீடுகளைத் தெரியும். ஆகவே "குறை, குறை" என்று மட்டும் சொல்லும்போது எனக்கு நெஞ்சு திக்கென்கிறது.

இன்னொரு பக்கமும் உண்மை. கிழமைக்கு 4 லிட்டர் என்று ஆனபோது, நான் முன்பு எரித்த பெட்ரோலில் பெரும்பகுதி தேவையே இல்லாதது என்று கண்டுகொண்டேன். முன்னூறு மீட்டர் தூரக் கடைக்கு மோட்டார் சைக்கிள். ஒரே நாளில் மூன்று தரம் சந்தை. சைக்கிளில் போனபோது எல்லாத் தேவையையும் சேர்த்து ஒரே தடவையில் போகப் பழகினேன். அட்டை போன பிறகும் அதைத் தொடர்கிறேன். என் வயது 58. ஆனால் கோப்பாயில் இருந்து யாழ் நகருக்குக் கைக்குழந்தையோடு வரும் ஒரு தாய்க்குச் சைக்கிள் விடை அல்ல. அவளுக்கு நேரத்துக்கு வரும் பஸ் வேண்டும்.

மில் அக்கா (விஜயமங்கலம்):

நல்லூர் அண்ணா கடைசியில் சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பெருந்துறையில் ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில் சூப்பர்வைசர். 14 வருடமாகப் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதில் மிச்சமாகும் காசில் மகனுக்கு டியூஷன்.

ஈரோட்டு அண்ணாவின் 38 கிலோமீட்டரை நான் பஸ்ஸில் வைத்துக் கணக்குப் போட்டேன், தப்பிருந்தால் ஆசிரியர் ஐயா திருத்துங்கள். பஸ் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்று எங்கள் டிரைவர் அண்ணன் சொன்னார். 38க்கு 7.6 லிட்டர் டீசல். 20.5 கிலோ. 45 பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு அரைக் கிலோகூட இல்லை. அண்ணா தனியாகக் காரில் போனால் இரண்டரை லிட்டர், 5.8 கிலோ. காலை நேரத்தில் 45 பேர் இல்லை, 70 பேர் போகிறோம்.

அண்ணா ஏன் பஸ்ஸில் வருவதில்லை என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஏனென்றால் எனக்கே தெரியும். என் இரண்டாவது ஷிப்ட் ராத்திரி 9 மணிக்கு முடிகிறது. எங்கள் பக்கம் போகும் கடைசி டவுன் பஸ் 8.40. ஷிப்ட் மாறும் நேரம் எப்போது என்று பஸ் நேரம் எழுதியவருக்கு யாரும் சொல்லவில்லை போல. அதனால் எங்கள் லைனில் வேலை பார்க்கிற எட்டுப் பெண்கள் கடன் வாங்கி ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார்கள். எட்டு ஸ்கூட்டர் எரிக்கிற பெட்ரோலுக்குக் காரணம் அந்த இருபது நிமிடம். அவர்களை மாசு செய்கிறவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு ஆறாது.

பவானிக்கரை (ஈரோடு), மூன்று மாதம் கழித்து:

எல்லோரும் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன். எண்களோடு வந்து சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

வேலைக்குப் போய் வர மாதம் 56 லிட்டர் ஆகிக்கொண்டிருந்தது. மில் அக்கா எழுதியதைப் படித்த மறுநாள் ஆலை வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று பார்த்தேன். ஈரோட்டிலிருந்து வரும் கார்கள் மட்டும் பதினொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு ஆள். அதில் இரண்டு பேர் என் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் குடியிருக்கிறார்கள். ஆறு வருடமாக ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் போய்க்கொண்டிருந்திருக்கிறோம். இப்போது வாரத்தில் நாலு நாள் மூன்று பேரும் ஒரே காரில், வாரம் ஒருவர் வண்டி. வெள்ளிக்கிழமை நான் பஸ்.

முதல் மாதம் என் பங்கு 27 லிட்டர் வந்தது. ஒருவருக்கு ஷிப்ட் மாறியதால் சில நாள் தனித்தனியாகப் போனோம். இரண்டாம் மாதம் 21. போன மாதம் 19. டயர் காற்றும் 80 வேகமும் இதில் சேர்ந்திருக்கிறது. மகள் நோட்டில் நாலாவதாக ஒரு பத்தி போட்டிருக்கிறாள், "ஆள்" என்று. வண்டியில் எத்தனை பேர் போனார்கள் என்று தினமும் கேட்டு எழுதுகிறாள்.

நல்லூர் அண்ணா சொன்னபடி ஸ்கூட்டர் வேலைகளைச் சேர்த்துச் செய்யப் பார்த்தோம். அதில் பெரிதாக வெற்றி இல்லை, மாதம் ஒரு லிட்டர் குறைந்திருக்கிறது. பள்ளிக்கூடமும் டியூஷனும் எதிரெதிர்த் திசையில்.

இன்னொரு செய்தி. 9 மணி ஷிப்ட்டுக்குப் பிறகு ஒரு பஸ் வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம். என் ஆலையில் 63 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். விஜயமங்கலம் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அக்கா, நீங்கள் சொல்ல முடியுமா?

மில் அக்கா (விஜயமங்கலம்):

எங்கள் லைனில் மட்டும் 41 பேர் அண்ணா. பக்கத்துக் கம்பெனியில் என் தங்கை இருக்கிறாள், அங்கே இன்னும் முப்பதாவது தேறும். மனுவில் நேரம் 9.20 என்று போடுங்கள், 9.10 வேண்டாம். பஞ்சிங் முடித்து, பை சோதனை முடிந்து கேட்டுக்கு வர எங்களுக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே, நீங்கள் வரும் பஸ்ஸில் நானும் ஏறுவேன். தாளைக் கொண்டுவாருங்கள்.